பேரிடர்ப் படங்களை விற்கும்போது சறுக்கும் இடங்கள்

வெள்ளம், நிலநடுக்கம், தீ விபத்து என்று அடுத்தவர் துயரத்தைப் படம் பிடித்து விற்பதே பாவம் என்பார்கள். வாங்க ஆளில்லை என்றால் போட்டோகிராபர் அங்கே போகவே மாட்டார். நமக்கும் செய்தி வராது. கோளாறு பெரும்பாலும் உரிமத்திலும் படக்குறிப்பிலும்தான் இருக்கிறது.

படங்களை இணையத்தில் விற்றுத்தரும் ஸ்டாக் தளத்தில், விளம்பரத்துக்கும் விற்கலாம் என்கிற 'கமர்ஷியல்' பிரிவில் போட்டுவிட்டால், அந்த அழுகிற முகம் நாளைக்கு இன்சூரன்ஸ் விளம்பரத்தில் வரும். செய்திக்கு மட்டும் என்கிற 'எடிட்டோரியல்' பிரிவு மட்டுமே சரி. இடிந்த வீட்டு முன் நிற்பவரிடம் மாடல் ரிலீஸில், அதாவது படத்தை விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற சம்மதப் படிவத்தில், கையெழுத்து வாங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

'வெள்ளத்தில் தவிக்கும் பெண்' என்று மொட்டையாக எழுதினால், அடுத்த மழையில் வேறு ஊர்ச் செய்திக்கு அதே படம் ஓடும். தேதி, ஊர், மாவட்டம், நடந்தது என்ன என்பதைக் கோப்புக்குள்ளேயே ஐபிடிசி விவரங்களாக, அதாவது படத்தோடு சேர்ந்தே போகும் எழுத்துக் குறிப்புகளாக, பதியுங்கள். 'விளம்பரத்துக்கு அல்ல' என்பதும் அங்கேயே இருக்கட்டும். ஜிபிஎஸ் விவரத்தை மட்டும் அழித்துவிடுங்கள், அது வீட்டு வாசலையே காட்டிக்கொடுக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கிறது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளம் ஊடகத்தில் வெளியானால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடையின் பள்ளி முத்திரையை அப்படியே விடுவதுதான் வழக்கமான சறுக்கல்.

விற்ற படத்தைத் திரும்பப் பெறுவது இன்னும் பெரிய தலைவலி. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தை டேனியல் மொரெல் என்ற போட்டோகிராபர் படமெடுத்து ட்விட்டரில் பகிர்ந்தார். அதே படங்களை வேறொருவர் தன்னுடையதுபோலப் போட, அந்த வேறொருவர் பெயரிலேயே ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அவற்றை விநியோகித்தது. படங்களை விற்கும் கெட்டி நிறுவனம் வழியாகவும் போயின. ஏஎஃப்பி பெயரைத் திருத்தியது, பிறகு படங்களை நீக்கச் சொல்லி 'கில்' அறிவிப்பும் அனுப்பியது. கெட்டியிலோ பழைய பெயரில் கிடந்தவை தொடர்ந்து விற்பனையில் இருந்தன. 2013இல் நியூயார்க் ஜூரி, இரு நிறுவனங்களும் மொரெலுக்கு 12 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது.

இறந்தவரின் குடும்பம் 'எடுத்துவிடுங்கள்' என்று கேட்டால் உங்களுக்கும் இதே சிக்கல்தான். கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, படம் போன ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எந்தப் படம் எங்கே போனது என்று ஒரு பட்டியல் கையில் இல்லாவிட்டால் அது நடக்காது. கூட்டாளித் தளங்களுக்குத் தானாக அனுப்பும் டிக்கை எடுத்துவிட்டால் வருமானம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை, எடுத்துவிடுங்கள்.