மந்திரவாதிகளின் கோஷ்டிப் பூசல்: நான்கு அணிகளைக் கட்டி ஆட்டத்தில் ஓடவிடும் முறை

மேசை ரோல்பிளே ஆட்டத்துக்கு (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டத்துக்கு) கற்பனை உலகம் கட்டுபவர்களில் பலர், நெருப்பு அணி, நீர் அணி, காற்று அணி என்று நிறம் பிரித்து அங்கி மாட்டிவிடுவதில்தான் தொடங்குகிறார்கள். இரண்டு செஷன் (ஒருமுறை கூடி ஆடும் அமர்வு) வரை பார்க்க அழகாக இருக்கும். மூன்றாவதில் யாராவது கேட்பார்கள்: "இவங்க எதுக்குத்தான் சண்டை போடறாங்க?" 'பரம்பரைப் பகை' என்பதைத் தவிரச் சொல்ல எதுவும் இருக்காது. பகை பற்றாக்குறையில்தான் முளைக்கிறது. அதனால் அங்கியையும் கொடியையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எண்ணக்கூடிய ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள்.

கீழே உள்ள எடுத்துக்காட்டு 4 ஆட்டக்காரர்களுக்கு, தலா 3 மணி நேரம் போகும் 10 செஷன்களுக்கு. தேவையானவை: அஞ்சலட்டை அளவில் 4 அட்டைகள், ஒரு முழுத்தாள், பென்சில், ஆறு பக்கப் பகடை இரண்டு.

முதலில் கணக்கு

மந்திரம் எதை எரித்து வேலை செய்கிறது? ஆன்மா, நினைவு போன்ற விடைகள் கதைக்கு நன்றாக இருக்கலாம். கோஷ்டிப் பூசலுக்கு அவை உதவாது. வண்டியில் ஏற்ற, பதுக்க, திருட, எடை போட முடிகிற பொருள் வேண்டும்.

நம் நகரத்தின் பெயர் நீலத்துறை. மேற்குக் காட்டு மரங்களில் மட்டும் வடியும் நீலப் பிசின்தான் மந்திரத்துக்கு எரிபொருள். ஆண்டுக்குக் கிடைப்பது 100 குடம். மாதம் ஒருமுறை துறைமுகத்தில் பொது ஏலம். யாருக்கும் விற்க மறுக்கக் கூடாது என்பது அரச ஆணை. ஒரு குடத்தை எரித்தால் மதிலின் ஒரு வாசலை ஒரு மாதம் காக்கலாம், அல்லது 40 நோயாளிகளைத் தேற்றலாம்.

இனி யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். மதிலார் நகரின் மூன்று வாசல்களையும் காப்பவர்கள்: 36 குடம். நாடியர் மருத்துவ மந்திரவாதிகள்: 30. ஏட்டுக்கூடத்தார் சூத்திர ஏடுகளில் மங்கும் மையை ஆண்டுதோறும் புதுப்பிப்பவர்கள்: 40. பிசினர் மரத்தில் வெட்டுப்போட்டுப் பிசின் எடுப்பவர்கள், தங்களுக்கென மாதம் 2 குடம் வைத்துக்கொள்ளத் துடிப்பவர்கள்: 24. கூட்டினால் 130. வரவு 100, தேவை 130. அந்த 30 குடம்தான் உங்கள் கதை.

பற்றாக்குறை வரவில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது நல்லது. பத்தில் ஒன்றாக இருந்தால் ஆட்டக்காரர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பங்கு பிரித்துவிடுவார்கள். இரண்டு மடங்காக இருந்தால் இரண்டாவது செஷனிலேயே வெட்டுக்குத்து வந்துவிடும், சூழ்ச்சிக்கு இடமிருக்காது.

யாருக்கு யார் தேவை

அணிகள் நான்கு போதும். மூன்று அணி என்றால் உறவுகள் 3, நான்குக்கு 6, ஐந்துக்கு 10, ஆறுக்கு 15. பதினைந்து உறவை மனத்தில் வைத்துக்கொண்டு எந்த கேம் மாஸ்டரும் (ஆட்டத்தின் கதையை நடத்துபவர்) சரளமாக நடத்த முடியாது.

முழுத்தாளில் நான்கு பெயர்களையும் சதுரத்தின் மூலைகளாக எழுதி, சுற்றிலும் அம்புக்குறி போடுங்கள். பிசினருக்குப் பிசின் பட்டுக் கை வெடிக்கும். அதை ஆற்றத் தெரிந்தவர்கள் நாடியர். நாடியருக்குச் சூத்திர ஏடு தருவது ஏட்டுக்கூடம். ஏட்டுக்கூடத்துக்குக் காவல் மதிலார். எதிரிப்படை காட்டு வழியாகத்தான் வரும், அதை முதலில் பார்த்துச் சொல்வது பிசினர் என்பதால் மதிலாருக்குப் பிசினர் வேண்டும். இப்படி வட்டமாகக் கட்டினால் பக்கத்து மூலையை யாராலும் அழிக்க முடியாது. முறைத்துக்கொண்டே பேரம் பேசுவார்கள்.

மிச்சம் இரண்டு மூலைவிட்டக் கோடுகள். அங்கே ஒருவருக்கொருவர் தேவை இல்லை. பகை அங்கேதான் வெளிப்படையாக வெடிக்கும். நாடியருக்கும் மதிலாருக்கும் இடையில் உள்ளதைப் பாருங்கள். வடக்கு வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டால் ஆண்டுக்கு 12 குடம் மிச்சம், அதாவது 480 நோயாளிகள். ஆனால் வடக்கே இருக்கும் மூன்று கிராமங்களுக்கு ஓடிவந்து ஒளிய வழியில்லாமல் போகும். இரண்டு தரப்பும் சொல்வது நியாயம். ஆட்டக்காரர்கள் ஒரு மணி நேரம் தங்களுக்குள்ளேயே வாதாடுவார்கள்.

1993-ல் வந்த 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டாட்டத்தின் ஐந்து நிறங்களும் இதே மாதிரி வட்டம்தான்: அடுத்தடுத்த நிறங்கள் நட்பு, எதிரெதிர் நிறங்கள் பகை.

அட்டையில் எழுத வேண்டியவை

அணிக்கு ஒரு அட்டை. அதில் ஐந்து வரிகள் மட்டும்: அடைய விரும்புவது, கையில் இருப்பது, இல்லாதது, தலைவர், தலைவரோடு ஒத்துப்போகாத இரண்டாம் ஆள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஆட்டக்காரர்கள் தலைவரைக் கொன்றதும் அணியே செத்துவிடும். இரண்டாம் ஆள் இருந்தால் அணி திசை மாறி உயிரோடு நிற்கும்.

உள்பிளவுக்கு நிஜ உதாரணம் லண்டனில் உண்டு. கோல்டன் டான் என்ற மந்திரச் சங்கம் 1888-ல் அங்கே தொடங்கியது. அதன் அதிகாரத்துக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டவை ஜெர்மனியிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள். 1900-ல், பாரிஸிலிருந்த தலைவர் மேதர்ஸ், அந்தக் கடிதங்கள் சக நிறுவனர் ஒருவர் செய்த போலி என்று எழுதினார். லண்டன் கிளை கொதித்தது. மேதர்ஸ் தன் ஆளாகச் சங்கத்தின் இளம் உறுப்பினர் அலெய்ஸ்டர் குரோலியை அனுப்பிச் சங்கத்தின் அறைகளைக் கைப்பற்றப் பார்த்தார். கவிஞர் யேட்ஸ் உள்ளிட்டவர்கள் தடுத்தார்கள், பூட்டு மாற்றப்பட்டது, போலீஸ் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: சண்டையின் கரு ஒரு காகிதம். உங்கள் அணிகளில் ஒன்றுக்கும் அப்படி ஒரு ஆவணம் கொடுங்கள். 'ஏடுகளை நகலெடுக்கும் உரிமை எங்களுக்கே' என்ற ஏட்டுக்கூடத்தின் செப்பேடு போலியாக இருக்கட்டும். அது இரண்டாம் ஆளுக்கு மட்டும் தெரியட்டும்.

ரகசியத்துக்கு ஜெர்மனியின் மைசன் நகரப் பீங்கான் ஆலை நல்ல முன்மாதிரி. பொன் செய்யத் தெரியும் என்று சொன்ன இளைஞர் பொட்கரை, மைசன் இருக்கும் சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ் காவலில் வைத்தார். பொன் வரவில்லை, பீங்கான் வந்தது. 1710-ல் மைசனில் ஆலை எழுந்தது. மண் கலவையின் பக்குவம் ஒருவருக்கும் மேற்பூச்சின் பக்குவம் இன்னொருவருக்குமாகப் பிரித்துவைத்தும், சில ஆண்டுகளில் வியன்னாவில் போட்டி ஆலை வந்துவிட்டது. மைசனின் ஆட்களையே அது இழுத்துக்கொண்டது. ஆகவே ரகசியத்தை ஏட்டில் பூட்டாமல் ஆளுக்குள் வையுங்கள். பாதி சூத்திரம் தெரிந்த இரண்டு பேர், பூட்டிய பெட்டியைவிட நல்ல சாகசம் தருவார்கள்.

செஷனுக்கு இடையில் ஓடவிடுவது

ஆட்டக்காரர்கள் பார்க்காதபோதும் அணிகள் நகர வேண்டும். ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் 6 கட்டங்கள் வரையுங்கள். ஆறும் நிரம்பினால் அந்த அணியின் நோக்கம் நிறைவேறிவிடும். செஷன் முடிந்ததும் அணிக்கு ஒருமுறை இரண்டு பகடைகளை உருட்டி, அணியின் பலத்தைக் கூட்டுங்கள்: ஏட்டுக்கூடம் 2, மதிலார் 1, நாடியர் 1, பிசினர் 0. பத்தும் அதற்கு மேலும் வந்தால் 2 கட்டம். 7 முதல் 9 வரை வந்தால் 1 கட்டம், கூடவே ஒரு சின்ன இழப்பு. 6 அல்லது அதற்குக் கீழ் வந்தால் கட்டம் இல்லை. அந்த அணியின் திட்டத்தில் ஒரு துணுக்கு வதந்தியாகக் கசிந்து ஆட்டக்காரர் காதுக்கு வரும்.

ஆறு ஏன்? பலம் 0 என்றால் 36-ல் 6 வாய்ப்பு முழு வெற்றிக்கு, 15 நடுவாந்தரத்துக்கு, 15 தோல்விக்கு. சராசரி முக்கால் கட்டம். நிரம்ப 8 சுற்று. பலம் 1-க்குச் சராசரி சரியாக 1 கட்டம்; 6 சுற்று. பலம் 2-க்கு ஒன்றேகால், ஏறக்குறைய 5. பத்து செஷனுக்கு இடையே 9 சுற்றுகள்தான் இருப்பதால் யாரும் குறுக்கிடாவிட்டால் நான்கு அணிகளும் சராசரியாக அதற்குள் கரை சேர்ந்துவிடும். நாலு கட்டம் போட்டால் ஆட்டக்காரர்கள் ஊரைத் தெரிந்துகொள்ளும் முன்பே ஏட்டுக்கூடம் ஜெயித்துவிடும். பத்து போட்டால் பிசினரின் திட்டம் நிரம்பவே நிரம்பாது. ஆட்டக்காரர்கள் ஓர் அணியின் திட்டத்தில் நேரடியாகக் குட்டையைக் குழப்பினால் அதன் 2 கட்டங்களை அழித்துவிடுங்கள்.

ஒவ்வொரு கட்டமும் தெருவில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிசினரின் நோக்கம் கடல்வழியே வெளிநாட்டுக்கு விற்பது என்றால்: அயல்நாட்டு மாலுமி சத்திரத்தில் தங்குகிறார், ஏலத்தில் 2 குடம் குறைகிறது, காட்டோர ஓடையில் புதுப்படகு கட்டுகிறார்கள், சுங்கக் கணக்கர் திடீரென்று வீடு கட்டுகிறார், இரவில் கழிமுகத்தில் விளக்கு அசைகிறது, கப்பல் புறப்படுகிறது.

வரலாற்றை வாசித்துக் காட்டாதீர்கள். வாசலில் நடக்கும் ஒரு சின்னக் காட்சி போதும். தலையில் சும்மாட்டோடு ஒரு பெண் மேற்கு வாசலில் நிற்கிறாள். கையில் வெடிப்பு, அதன்மேல் நாடியர் கட்டும் பச்சைத் துணி. வாசல் காக்கும் மதிலார் கேட்கிறார்:

"மூணு குடம்னு சீட்டுல இருக்கு. ரெண்டுதானே இருக்கு?"

"வழியில ஒண்ணு உடைஞ்சிடுச்சுங்க ஐயா."

"உடைஞ்ச ஓடு எங்க?"

இதோடு நிறுத்திவிட்டு ஆட்டக்காரர்களைப் பாருங்கள். மூன்று அணிகள் அறிமுகமாகிவிட்டன, ஒரு பொய்யும் மேசைமேல் விழுந்துவிட்டது.

எங்கே சறுக்கும்

கேம் மாஸ்டருக்கே ஒரு அணி செல்லமாகிவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. அதன் மந்திரங்கள் மட்டும் பலித்துக்கொண்டே இருக்கும். மருந்து எளிது: பகடையை மேசைமேல், எல்லோரும் பார்க்க உருட்டுங்கள், எந்த அணிக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முதல் செஷனிலேயே ஆட்டக்காரர்கள் ஒரு அணியில் சேர்ந்துவிட்டால் மற்ற மூன்றும் வெறும் எதிரிகளாகச் சுருங்கிவிடும். மூன்றாவது செஷன் வரை சேர்த்துக்கொள்ளாமல் கூலிக்கு வேலை மட்டும் கொடுங்கள். வேலை செய்து கொடுத்தால் அந்த அணியிடம் ஒரு கடன். மூலைவிட்டத்தில் எதிரே இருக்கும் அணியிடம் ஒரு சந்தேகம். இரண்டையும் அட்டையில் கோடு போட்டு எண்ணுங்கள்.

100 என்ற எண்ணையும் மாறாததாக வைத்திருக்க வேண்டாம். ஆட்டக்காரர்களால் காடு தீப்பிடித்தால் அதை அடித்துவிட்டு 60 என்று எழுதி, மறுமாத ஏலத்தை அடுத்த செஷனின் முதல் காட்சியாக வையுங்கள்.