வீட்டுக் கச்சேரிக்குப் போகும் ஆடியோ பிரியர்கள் செய்யும் தவறுகள்

முப்பது பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, மைக் இல்லாமல் கேட்கும் கர்நாடக சங்கீதக் கச்சேரி, ஸ்பீக்கருக்கும் ஆம்ப்புக்கும் வருஷக்கணக்கில் காசு சேர்த்த நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் பெரிய வரம். அதில் பாதியை நம் பழக்கங்களே கெடுத்துவிடுகின்றன.

முதலாவது, தாமதமாகப் போவது. அரை மணி முன்னால் போய் உட்காருங்கள். மிருதங்க வித்வான் ரவையைத் தண்ணீர்விட்டுப் பிசைந்து, கனத்த ஒலி தரும் இடப்பக்கத் தோலான தொப்பியின் நடுவில் வட்டமாக அப்புவார். ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார், கொஞ்சம் கிள்ளி எடுப்பார், மறுபடி தட்டுவார். பிறகு வலப்பக்கத் தோலான வலந்தலையின் விளிம்பைச் சுற்றிக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவருவார். நிஜத் தம்புரா இருந்தால் இன்னும் நல்லது. தந்தியைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் தந்திக்கும் இடையில் இருக்கும் ஜீவா நூலை ஒரு மயிரிழை நகர்த்தியதும், அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி திடீரென்று ரீங்கரிக்கும். எந்த ஸ்பீக்கர் டெமோவிலும் இப்படி ஒரு காதுப் பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது, கச்சேரியின் தொடக்க உருப்படியான வர்ணம் முடிவதற்குள் தீர்ப்புச் சொல்வது. ‘சத்தம் போதவில்லை’ என்று தோன்றும். சபாவில் நாம் கேட்பது பெரும்பாலும் ஸ்பீக்கரைத்தான். காது அந்த அளவுக்குப் பழகியிருக்கிறது. பத்து, பதினைந்து நிமிஷம் விட்டுக்கொடுத்தால் பாடகர் மூச்சு எடுப்பதுகூடத் தெளிவாகக் கேட்கும். கண்ணை மூடினால் வீட்டு சிஸ்டம்போல வயலின் ஓர் இடத்தில், குரல் ஓர் இடத்தில் என்று பிரிந்து நிற்காது. அதையும் குறையாக எண்ண வேண்டாம். நாலு சுவரும் கூரையும் சேர்ந்து கலந்து தரும் ஒலி அப்படித்தான் இருக்கும்.

உட்காரும் இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முன்வரிசை நடு இடம்தான் சிறந்தது என்று ஓடிப்போய்ப் பிடிக்கிறோம். வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் அமர்வார். அதனால் வலந்தலை நம்மைப் பார்த்தும், தொப்பி பின்சுவரைப் பார்த்தும் இருக்கும். (இடது கைக்காரர் என்றால் மறுபக்கம் அமர்வார்.) சபாவில் தொப்பிக்கும் மைக் வைத்து கும்கி என்னும் அதன் குழைவான கனத்த ஒலியை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். வீட்டில் அது பெரும்பாலும் பின்சுவரில் பட்டுத் திரும்பித்தான் வரும். மிருதங்கத்துக்கு நேர் எதிரே நாலடியில் உட்கார்ந்தால் சாப்பு, மீட்டு என்ற வலந்தலை அடிகள் காதைக் குத்தும், தொப்பியின் நாதம் பின்தங்கிவிடும். கடைசியில் போய்ச் சுவரில் சாய்ந்தாலோ, மூலையில் ஒதுங்கினாலோ அதே தொப்பி வீங்கி எல்லாவற்றையும் மூடும். பாடகரிடமிருந்து எட்டு, பத்தடி தள்ளி, நடுவிலிருந்து சற்றே வயலின் பக்கமாக, முதுகுக்கும் சுவருக்கும் மூன்றடியாவது விட்டு உட்காருவதே எனக்குப் பிடித்த இடம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். கூடத்தில் சுவர்கள் திருப்பித் தருவதால் அவ்வளவு குறையாது. ஆகவே பின்னால் போகப் பயப்பட வேண்டாம்.

பதிவு செய்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சரி என்றால் மட்டும் போதாது, கலைஞரிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பக்கவாத்தியக்காரர்களும் கலைஞர்கள்தான். அனுமதி கிடைத்த ஒரு மாலையில் நான் ரிக்கார்டரைத் தரையிலேயே வைத்தேன். தொடையில் தாளம் போட்டவர்களின் அதிர்வெல்லாம் அதில் ஏறியது. ஆரம்பத்துக் குரலுக்கு ஏற்பப் பதிவு லெவல் வைத்திருந்ததால், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மோரா என்ற முடிப்புக் கோவை வந்தபோது எல்லாம் சிதறிப்போனது. அதைவிடப் பெரிய இழப்பு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு முழுத் தோடி ஆலாபனையை நான் கேட்கவே இல்லை. இன்றும் அது மனசில் உறுத்துகிறது. இப்போது சின்ன ஸ்டாண்டில், அமர்ந்திருப்பவர் நெஞ்சளவு உயரத்தில் வைக்கிறேன். 24 பிட் பதிவு, ரிக்கார்டர் தானாக லெவலை மாற்றும் ஆட்டோ லெவலுக்கு ஓய்வு, மீட்டரில் குரலின் உச்சம் மைனஸ் 18 டெசிபலைத் தாண்டாத அளவு. பட்டனை அழுத்திவிட்டால் அதன் பக்கம் திரும்புவதில்லை. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பதிவே வேண்டாம்.

மின்விசிறி ஓடினால் வீணைக் கச்சேரி பாதி போய்விடும். மீட்டிய ஒலி அடங்கிக்கொண்டே வரும்போது தந்தியை இழுத்துக் காட்டும் கமகம் அந்த இரைச்சலில் கரைந்துவிடும். புழுங்கினாலும் பரவாயில்லை என்று வீட்டுக்காரரிடம் நாமே சொல்லிவிடலாம். ‘என்னிடம் நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது, கொண்டு வரட்டுமா?’ என்று அன்போடு கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். டெசிபல் அளக்கும் செயலியைத் திறந்து வைத்தால், இருட்டிய கூடத்தில் அந்த வெளிச்சம் பாடுபவர் கண்ணில்தான் படும்.

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து போவது சபாவிலேயே வருத்தம் தருவது. நாலடி தூரத்தில் வாசிப்பவருக்கு முன்னால் அதைச் செய்யவே கூடாது. டிக்கெட் இல்லை என்பதால் சன்மானம் இல்லை என்று அர்த்தமில்லை. எவ்வளவு, யாரிடம் என்று அழைத்தவரிடம் முதல் நாளே கேட்டு, கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

கேள்விகள் இருந்தால் மங்களம் முடியட்டும். வாத்தியத்தைத் தொடாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். வித்வான் தொப்பியிலிருந்து காய்ந்த ரவையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருப்பார். இன்று கூடம் எப்படி இருந்தது என்று கேட்டால், எந்த மூலை மிருதங்கத்தின் எந்தச் சொல்லை விழுங்கியது என்று அவரே சொல்வார்.