கிராம் சாயத்தில் தெரியும் கிருமி தட்டில் வளராதபோது

குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் கட்டிய சீழ். கிராம் சாயத்தில் (பாக்டீரியாவுக்கு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முறை) வெளிறிய சிவப்புக் குச்சி வடிவக் கிருமிகள் நிறைய, வளர்ப்புத் தட்டிலோ காற்றிலும் வளரும் குடல் பாக்டீரியாவான ஈ.கோலை மட்டும். எங்கள் ஆய்வகத்தில் இது அடிக்கடி வந்தது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா தப்பிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாற்றியது மாதிரி எடுக்கும் முறையை. பஞ்சுக்குச்சி வேண்டாம், காற்று பட்டு, காய்ந்தும் போகும். சிரிஞ்சில் 2 மில்லி உறிஞ்சி, குமிழிகளை வெளியேற்றி, ராபர்ட்சன் இறைச்சி ஊடகத்தின் (காற்றில்லாக் கிருமிகளைக் காக்கும், இறைச்சித் துணுக்குகள் உள்ள குழாய்) அடியில் விடச் சொன்னோம். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது.

அடுத்து, தட்டுகளைக் காற்றில்லாமல் வைக்கும் ஜாடி. கேஸ்பேக் (ஹைட்ரஜன் விடும் பொட்டலம்) போட்டும், ஆக்சிஜன் இருப்பதைக் காட்டும் இண்டிகேட்டரின் நீலம் வெளுக்காவிட்டால் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அந்த ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து நீராக்கும் பல்லேடியம் வினையூக்கி ஈரம் பிடித்திருந்தால், 160 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தினால் மீளும். 37 டிகிரியில் 48 மணி நேரம் முடியும்முன் திறக்காதீர்கள். அவசரத்தில் திறந்தே பல கல்ச்சர்கள் வீணாகின்றன.

காற்றில்லாக் கிருமிகள் வளர உதவும் ஹீமின், வைட்டமின் கே1 சேர்த்த ரத்த அகாருடன் (ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகம்) பைல் எஸ்குலின் தட்டும் (எஸ்குலினைச் சிதைக்கும் கிருமி வளர்ந்தால் கறுக்கும், பித்தம் கலந்த ஊடகம்) போடுகிறோம். அதிலுள்ள ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஈ.கோலையை அடக்கும், நாம் தேடும் காற்றில்லாக் குடல் பாக்டீரியாவான பாக்டீராய்டிஸ் ஃபிராஜிலிஸ் வளர்ந்த இடம் கறுக்கும். கறுத்ததெல்லாம் அதுவல்ல, காற்றிலும் வளரும் என்டெரோகாக்கஸும் சிறு காலனிகளாகக் கறுக்கலாம். ஆகவே ரத்த அகாரில் காற்றில்லாக் கிருமிகளைக் கொல்லும் மருந்தான மெட்ரோனிடசோல் 5 மைக்ரோகிராம் வட்டு வையுங்கள். சுற்றிலும் வளர்ச்சி அற்ற வளையம் நல்ல அறிகுறி. காலனியை வெளிக்காற்றிலும் ஜாடியிலும் மறுபடி வளர்த்து, ஜாடியில் மட்டும் வந்தால்தான் உறுதி.

கிராம் முடிவை அன்றே சர்ஜனுக்குப் போனில் சொல்லிவிடுங்கள். கல்ச்சர் வரும்வரை சிகிச்சை காத்திருக்கக் கூடாது.