சொந்தக்காரர் சேமிப்பை மறைத்து அரசுக் கொடுப்பனவு எடுத்தால் என்ன செய்வது? பிரித்தானியாவில் உள்ளவர்களுக்கு

இலண்டனில் சித்தி முறையான ஒருவருக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லப் போயிருந்தேன். அவர் பழைய பிஸ்கட் பேணி ஒன்றைத் திறந்து கடிதங்களைத் தேடியபோது, அவற்றுக்கு அடியில் ஒரு சேமிப்புப் புத்தகமும் சீட்டுக் கொப்பி ஒன்றும் கிடந்தன. புத்தகத்தின் கடைசி வரியில் 19,400 பவுண்டு என்றிருந்தது. அவர் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான அரசுக் கொடுப்பனவாகிய யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். "அது என்ர காசில்லைத் தம்பி, பிள்ளையின்ர கலியாணத்துக்குச் சேர்த்தது" என்றார்.

இப்படியொரு நிலையில் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். சிலர் கோபத்தில் நேரே தொலைபேசியை எடுக்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அவற்றில் முதலாவது, நடப்பது உண்மையிலேயே பிழையா என்று அறிந்துகொள்வது.

எல்லாக் கொடுப்பனவுகளுக்கும் சேமிப்பைக் கேட்பதில்லை. அரச ஓய்வூதியம், பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிஃபிட், பராமரிப்பவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ், உடற்குறைபாட்டுக்கான பிப், முதியோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் ஆகியவற்றை எடுப்பவர் வங்கியில் ஒரு லட்சம் வைத்திருந்தாலும் அது குற்றமில்லை. அந்த மாமா பணக்காரர், ஆனாலும் பிப் வாங்குகிறார் என்று கலியாண வீட்டில் பேசுகிறவர்களுக்கு இந்த விஷயம் தெரிவதேயில்லை. சேமிப்பு கணக்கில் வருவது யூனிவர்சல் கிரெடிட், வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட், வாடகைக்கான ஹவுசிங் பெனிஃபிட் போன்றவற்றுக்கும், மாநகரசபை தரும் கவுன்சில் டாக்ஸ் குறைப்புக்குமே. கடைசியாகச் சொன்னதற்கு ஒவ்வொரு சபையும் தனித்தனி விதி வைத்திருக்கலாம்.

யூனிவர்சல் கிரெடிட்டில் 6,000 பவுண்டு வரை சேமிப்பைப் பொருட்படுத்த மாட்டார்கள். 16,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக எதுவும் கிடைக்காது. இடைப்பட்ட தொகையில் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும், அதன் ஒரு பகுதிக்கும் கூட, மாதம் 4.35 பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக் கழிப்பார்கள். 9,600 பவுண்டு வைத்திருப்பவருக்கு 6,000 போக மீதி 3,600. அது 15 கூறுகளாகக் கணக்கிடப்பட்டு மாதம் 65.25 பவுண்டு குறையும். கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்தால் இருவருடைய சேமிப்பும் கூட்டப்படும், ஆனால் எல்லை இரட்டிப்பாகாது. பென்ஷன் கிரெடிட்டுக்கு மேல் எல்லை என்று ஒன்றில்லை. முதல் 10,000 பவுண்டை விட்டுவிட்டு, அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்டு வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே 70 வயது அம்மம்மா 14,000 பவுண்டு வைத்திருப்பதால் மட்டும் அவருடைய கொடுப்பனவு நின்றுவிடாது. பயந்து மறைப்பவர்களில் பலர், மறைத்திராவிட்டாலும் பெரும்பகுதியைப் பெற்றிருப்பார்கள்.

எது சேமிப்பு, எது இல்லை என்பதில்தான் நம்மவர்களிடையே குழப்பம் அதிகம். குடியிருக்கும் வீடும், அணிந்துகொள்ளும் நகை உட்படச் சொந்தப் பாவனைப் பொருட்களும் கணக்கில் வராது. தாலிக்கொடியை நிறுத்துப் பார்க்க ஒருவரும் வர மாட்டார்கள். ஆனால் எல்லைக்குக் கீழே இறங்குவதற்காகவே பத்துப் பவுண் தங்கத்தில் சங்கிலி வாங்கினால் அது வேறு கதை. யாழ்ப்பாணத்துக் காணியும், கொழும்பு வங்கியில் கிடக்கும் நிலையான வைப்பும், சென்னையில் வாங்கிப் போட்ட அடுக்குமாடி வீடும் கணக்கில் வருபவையே. வெளிநாட்டில் இருப்பது இங்கே சொல்லத் தேவையில்லை என்பது வெறும் நம்பிக்கை. ஒரு முக்கியமான விலக்கு உண்டு: அந்த வீட்டில் உங்கள் உறவினரின் பெற்றோரோ உடன்பிறந்தவரோ குடியிருந்து, அவர் ஓய்வூதிய வயதை எட்டியவராகவோ வேலை செய்ய இயலாதவராகவோ இருந்தால், யூனிவர்சல் கிரெடிட் அந்த வீட்டின் பெறுமதியை விட்டுவிடும். சொத்தை விற்றால் வரக்கூடிய விலையில் பத்து வீதத்தை விற்கும் செலவாகவும், அந்தச் சொத்தின் மீதே உள்ள அடமானக் கடனையும் கழிப்பார்கள். கைமாற்றாக வாங்கிய கடனைக் கழிக்க மாட்டார்கள்.

சீட்டு விஷயம் இன்னும் சிக்கலானது. எடுத்த சீட்டுக் காசு வங்கியில் கிடக்கும் வரை அது சேமிப்பு. இன்னும் பத்து மாதம் கட்ட வேண்டும் என்பது அதைக் குறைத்துவிடாது. கட்டிவிட்டு இன்னும் எடுக்காத சீட்டும் வரவேண்டிய பணம் என்பதால், அதையும் விவரித்துத் தெரிவித்துவிடுவதே பாதுகாப்பு.

பிள்ளையின் கலியாணக் காசு என்ற பதிலுக்கு வருவோம். பணம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது தொடக்கம் மட்டுமே. அது உண்மையில் யாருடையது என்பதே கேள்வி. மகள் வேலை செய்து தன் சம்பளத்தைத் தாயின் கணக்கில் போட்டு வைத்திருந்தால், வங்கிப் பதிவுகளைக் காட்டி அது மகளின் பணம் என்று நிறுவ முடியும். தாயே சிறுகச் சிறுகச் சேர்த்துவிட்டு மனதளவில் மகளுக்கென்று ஒதுக்கியிருந்தால் அது தாயின் பணம். சித்தியின் புத்தகத்தில் மாதா மாதம் 150, 200 என்று விழுந்திருந்தது எல்லாம் அவர் கையால் போட்டதுதான்.

அவருடைய பிழை தொடங்கிய இடமும் எனக்கு அன்றுதான் விளங்கியது. அவர் முன்பிருந்த டாக்ஸ் கிரெடிட் என்ற கொடுப்பனவைப் பல ஆண்டுகள் எடுத்தவர். அந்தத் திட்டத்தில் சேமிப்புக்கு எல்லையே இருக்கவில்லை. அதை முடித்து யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறும்படி கடிதம் வந்தபோது, யாரோ சொன்னதைக் கேட்டு, 6,000 பவுண்டுக்குக் குறைவு என்று பதிந்துவிட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால், டாக்ஸ் கிரெடிட்டிலிருந்து கடிதத்தின்படி மாறியவர்களுக்கு 16,000 பவுண்டுக்கு மேலான பகுதியை 12 மாதங்களுக்குக் கணக்கில் எடுக்காமல் விடும் ஏற்பாடு அவருக்குக் கிடைத்திருக்கும்.

ஆகவே உறவினருடன் பேசும்போது, கள்ளம் செய்தீர்களா என்று தொடங்காதீர்கள். தனியாக, பிள்ளைகளும் மருமக்களும் இல்லாத நேரத்தில், படிவத்தில் என்ன எழுதினீர்கள், எப்போது எழுதினீர்கள், அப்போது வங்கியில் எவ்வளவு இருந்தது என்ற மூன்றையும் கேளுங்கள். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று அவர் சொன்னால், 2025 இல் நிறைவேறிய சட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் முதலியவை போய் விழும் கணக்குகளில் சேமிப்பு எல்லை தாண்டப்பட்டதற்கான அறிகுறி இருந்தால் வங்கியே அரசுக்குத் தெரிவிக்கும் முறையை அது கொண்டுவருகிறது. இந்தியா உட்படப் பல நாடுகள் கணக்கு விவரங்களைப் பிரித்தானிய வரித் திணைக்களத்துடன் ஆண்டுதோறும் பகிர்கின்றன.

அடுத்ததாக அவர் கேட்கக்கூடிய உதவி, இந்தக் காசை உன் கணக்கில் போட்டு வை என்பதாக இருக்கும். இதற்கு மட்டும் இல்லை என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கொடுப்பனவைப் பெறவோ கூட்டவோ பணத்தைக் கைமாற்றினால், அது இன்னும் அவரிடமே இருப்பதாக வைத்துக் கணக்கிடுவார்கள். எனவே அவருக்குப் பயனில்லை. உங்களுக்கோ, பொய்யான தகவல் கொடுக்கத் தெரிந்தே துணைபோனவர் என்ற பெயர் வரலாம், அதுவும் குற்றமே. பொய் என்று தெரிந்த படிவத்தை அவருக்காக நிரப்பிக் கொடுப்பதும் அப்படித்தான். நியாயமான கடனை அடைப்பதும், பழுதான சலவை இயந்திரத்தை மாற்றுவதும் தடையில்லை. பற்றுச்சீட்டை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அவர் தாமாகவே சொல்ல முன்வந்தால் தாமதிக்க வேண்டாம். விசாரணைக் கடிதம் வருமுன் சொல்வதற்கும் வந்தபின் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. வழக்குப் போட மாட்டோம் என்ற உத்தரவாதம் கிடைக்காவிட்டாலும், தாமாக முன்வந்தார் என்பது அவர் பக்கம் நிற்கும். முதலில் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்திலோ உள்ளூர்ச் சட்ட மையத்திலோ ஆலோசனை கேளுங்கள். பிறகு யூனிவர்சல் கிரெடிட் என்றால் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பகுதியான ஜேர்னலிலும், பென்ஷன் கிரெடிட் என்றால் பென்ஷன் சேவைக்குத் தொலைபேசியிலும் தெரிவிக்கலாம். சித்திக்காக நாங்கள் எழுதியது நான்கே வரி: சேமிப்பைப் பற்றி முன்பு கொடுத்த தகவல் தவறு, இந்தத் திகதியில் இருந்த தொகை இது, இன்று இருக்கும் தொகை இது, வங்கிப் பதிவுகளைத் தரத் தயாராக இருக்கிறேன். காரணம், கண்ணீர், பிள்ளையின் கலியாணம் எதையும் அதில் சேர்க்கவில்லை.

கூடுதலாகக் கொடுத்த தொகையைத் திருப்பிக் கேட்டுக் கணக்கு வரும்போது அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு மூன்று மாத முடிவிலும், அந்தக் காலத்தில் கூடுதலாகப் பெற்ற தொகை அளவுக்குச் சேமிப்புக் குறைந்திருக்கும் என்று வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது விதி. எல்லையைச் சற்றே தாண்டி நின்றவருக்கு இதனால் கடன் பெருமளவு குறையலாம். கணக்கில் அந்தக் குறைப்பு தெரியாவிட்டால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் நடுவர் மன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம்.

எச்சரிக்கையின் கீழ் விசாரணை (interview under caution) என்று கடிதம் வந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று பொருள். அது ஒலிப்பதிவு செய்யப்படும், பின்னர் நீதிமன்றத்தில் சான்றாக வரும். சட்டத்தரணியின் ஆலோசனை இல்லாமல் அனுப்பாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மகனோ மருமகளோ மொழிபெயர்ப்பது யாருக்கும் நல்லதல்ல. வழக்குக்குப் பதிலாக நிர்வாகத் தண்டம் கேட்டால், அது பொதுவாகக் கூடுதல் தொகையின் பாதியாக, 350 பவுண்டுக்குக் குறையாமலும் 5,000 பவுண்டுக்கு மேற்படாமலும் இருக்கும். அசல் கடனை அதற்கு மேலாகத் தனியே கட்ட வேண்டும். வேண்டுமென்றே ஏமாற்றியதாக நீதிமன்றம் தீர்த்தால் சிறையும் உண்டு.

பேசியும் பயனில்லை, அவர் அறிந்தே தொடர்கிறார் என்றால் அறிவிப்பது உங்கள் முடிவு. 0800 854 440 என்ற இலவச எண்ணுக்கோ அரசின் இணையப் படிவத்திலோ பெயர் சொல்லாமலே தெரிவிக்கலாம். வட அயர்லாந்துக்குத் தனி எண் உண்டு. அவருடைய பெயர், முகவரி, எந்தக் கொடுப்பனவு, எந்தச் சேமிப்பு, அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பவற்றை மட்டும் சொல்லுங்கள். கேள்விப்பட்டதைக் கண்டதாகச் சொல்ல வேண்டாம். ஆதாரம் தேடுகிறேன் என்று அவருடைய கடிதத்தை உடைப்பதும் வங்கிக் கணக்கில் நுழைவதும் உங்களையே குற்றவாளியாக்கும். என்ன முடிவெடுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். காணிப் பங்குச் சண்டைக்குப் பழிவாங்க இந்த எண்ணைச் சுற்றுபவர்களையும் நான் அறிவேன். அப்படிச் செய்தால், யார் சொன்னது என்று கண்டுபிடிக்கக் குடும்பத்துக்கு ஒரு நாள்கூட ஆகாது.

பேசத் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் இறந்துவிடவும் கூடும். சேமிப்பைப் பார்த்துக் கொடுக்கும் கொடுப்பனவைப் பெற்றவர் இறந்தபின், விட்டுச்சென்ற சொத்தின் விவரத்தையும் அவர் முன்பு சொன்ன தொகையையும் கொடுப்பனவைத் தந்த திணைக்களம் ஒப்பிட்டுப் பார்க்கும். கூடுதலாகப் பெற்றிருந்தால் அந்தச் சொத்திலிருந்தே மீட்கும். மரணசாதனத்தை நிறைவேற்றும் பொறுப்பு உங்களுடையதாக இருந்தால், அந்தக் கணக்கு எழுத்தில் தீரும் வரை எவருக்கும் பங்கைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். திணைக்களத்தின் கடிதம் வந்தது தெரிந்தும் பிரித்துவிட்டால், குறையும் தொகையை உங்கள் பையிலிருந்து கட்ட நேரலாம்.