புழல் பக்கம் வேலைக்கு வரும் சீனியர் உளவியலாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனை ஓ.பி.யில் பல வருடம் இருந்துவிட்டு, சிறைவாசிகளையும் நீதிமன்றம் அனுப்பும் ஆட்களையும் பார்க்கும் பொறுப்புக்கு வருபவர்களை வடசென்னையில் நிறையப் பார்க்கலாம். புழல் மத்திய சிறை, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், ஸ்டான்லி மருத்துவமனை என்று இந்த வேலை இந்தப் பக்கமே சுற்றுகிறது. வருபவர்களுக்குப் படிப்பில் குறை இருக்காது. டெஸ்ட் தெரியும், ஸ்கேல் தெரியும், நோயும் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நாம் இன்றைக்கு யார் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஓ.பி.க்கு வருபவர் தானாக வருகிறார், இல்லையென்றால் வீட்டார் அழைத்து வருகிறார்கள். அவர் சொல்வது அவருடைய சிகிச்சைக்காக. கோர்ட் உத்தரவோடு, வழிக்காவலுக்கு வந்த போலீஸ்காரர் கதவருகே நிற்க, உள்ளே வந்து உட்காருபவரின் கதை வேறு. அவர் சொல்வது அறிக்கையாகி மாஜிஸ்திரேட் மேஜைக்குப் போகும். அதைச் சொல்லாமல், பழைய பழக்கத்தில் "பயப்படாம மனசுவிட்டுப் பேசுங்க" என்று ஆரம்பிப்பது அநியாயம். அனுபவம் கூடக் கூட நம் பேச்சில் ஒரு கனிவு வந்துவிடுகிறது, ஆட்கள் சீக்கிரம் திறந்து பேசுகிறார்கள். சீனியர்கள் இங்கேதான் ஜூனியர்களைவிட அதிக ஆபத்தானவர்கள்.

முதல் ஐந்து நிமிடத்தை இதற்கே ஒதுக்குங்கள். "தம்பி, நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்க வரல. கோர்ட் கேட்டிருக்காங்க, அதுக்காகப் பேச வந்திருக்கேன். நீங்க சொல்றத எழுதி அனுப்புவேன். எதுக்காவது பதில் சொல்ல இஷ்டமில்லன்னா சொல்ல வேண்டாம்." இவ்வளவுதான். அப்புறம், புரிந்ததை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லி, அந்தப் பதிலை அப்படியே குறித்து வையுங்கள். 2010-இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் நார்கோ அனாலிசிஸ், உண்மை கண்டறியும் சோதனை, பிரெயின் மேப்பிங் எதையும் செய்யக் கூடாது என்றது. நம்முடைய நேர்காணல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் ஒருவரைத் தனக்கு எதிராகவே பேச வைக்கக் கூடாது என்ற அடிப்படை நம் அறைக்குள்ளும் செல்லும்.

ஒரே ஆள் சிகிச்சையும் கொடுத்து, கோர்ட்டுக்கு மதிப்பீடும் எழுதுவது கூடவே கூடாது என்பது என் கட்சி. ஆள் பற்றாக்குறையில் சில இடங்களில் வேறு வழியிருக்காது. சரி, அப்படியானால் இரண்டுக்கும் தனித்தனி ஃபைல், தனித்தனி நாள், ஒவ்வொரு முறையும் இன்றைக்கு எந்த வேலையாக வந்திருக்கிறோம் என்ற அறிவிப்பு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. பிறருக்கு ஆபத்தைத் தடுக்க, உயிருக்கு அச்சுறுத்தல் வந்தால், அதிகாரமுள்ள அமைப்பு உத்தரவிட்டால் என்று சில விலக்குகள் உண்டு. ஜெயில் ஆபீஸிலிருந்து போன் வந்தது என்பது அந்த விலக்குகளில் இல்லை.

அடுத்து, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு கேள்விக்குப் பதில் எழுதுவது. நீதிமன்றம் கேட்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இவரால் இப்போது விசாரணையைப் புரிந்துகொண்டு தன் வக்கீலிடம் பேச முடியுமா? இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 367, 368 பிரிவுகளுக்கு உரியது, பழைய சி.ஆர்.பி.சி.யில் 328, 329. சம்பவம் நடந்த அந்த நேரத்தில், தான் செய்வது என்ன, அது தவறா என்று அறியும் நிலையில் இருந்தாரா? இது பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யில் பிரிவு 84 ஆக இருந்து, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இல் பிரிவு 22 ஆகிவிட்டது. முதல் கேள்விக்கு இன்றைய நேர்காணல் போதும். இரண்டாவதற்குப் போதவே போதாது. எட்டு மாதம் மருந்து சாப்பிட்டுத் தெளிந்து உட்கார்ந்திருப்பவரை வைத்து அன்றைய இரவை எப்படிச் சொல்வது?

அதற்கு வேறு பக்கம் தேட வேண்டும். சம்பவத்துக்கு முந்தைய வாரங்களில் தூங்கினாரா, வேலைக்குப் போனாரா, முடிந்த பிறகு ஓடினாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா, சிறையில் சேர்த்த அன்று மருத்துவர் என்ன எழுதினார், முன்பு எங்கேயாவது ஓ.பி. சீட்டு இருக்கிறதா. 1964-லேயே தாஹ்யாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றம் நடந்த நேரத்து மனநிலைதான் முக்கியம், அதை அறிய முன்னும் பின்னும் நடந்தவற்றைப் பார்க்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) இருப்பது ஒரு விஷயம், 22-ஆம் பிரிவுக்குள் அவர் வருவது இன்னொரு விஷயம். இரண்டாவதை முடிவு செய்வது நீதிபதியின் வேலை. "எனவே இவர் குற்றவாளி அல்ல" என்று அறிக்கையின் கடைசி வரியில் எழுதும் சீனியர்கள் இருக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டுவார்கள்.

ஜூனியர் செய்த டெஸ்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதும் அங்கேதான் வெளிவரும். செய்தவருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா, அவர் பக்கத்தில் நீங்கள் இருந்தீர்களா என்பது வக்கீலின் முதல் கேள்வியாகவே வரலாம்.

"நடிக்கிறான் சார்." வார்டிலும் பிளாக்கிலும் அடிக்கடி காதில் விழும் இந்தத் தீர்ப்பை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். நடிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கூட்டிச் சொல்பவருக்கே உண்மையில் நோயும் இருக்கலாம். பயத்தில் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருப்பார். ஒரு மணி நேர நேர்காணலைவிட இரவுப் பணி வார்டரும் வார்டு அட்டெண்டரும் பார்த்தது அதிகம். யாரும் கவனிக்காதபோதும் தனக்குள் பேசுகிறாரா, சோறு வாங்க வரிசையில் நிற்கிறாரா, குளிக்கிறாரா என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்களுடைய முடிவு நமக்கு வேண்டாம், பார்த்ததை மட்டும் வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஆடி மாதத்தில் பெரியபாளையம் போய் வந்ததிலிருந்து அம்மன் என்மேல் வருகிறாள் என்று ஒரு பெண் சொன்னால், உடனே பிரமை என்று எழுதிவிடக் கூடாது. அவர் தெருவில் இன்னும் நாலு பேருக்குச் சாமி வரும், உடுக்கைச் சத்தம் நின்றதும் போய்விடும். வீட்டாரே "இது வழக்கமா வர்ற சாமி இல்லைங்க" என்று சொன்னால் அப்போது கவனியுங்கள். எது வழக்கம், எது வழக்கம் மீறியது என்று அவர்களுக்குத் தெரியும்.

"இவர் ஆபத்தானவரா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லாதீர்கள். ஒருவர் வன்முறையில் இறங்கும் ஆபத்தை மதிப்பிடும் ஹெச்.சி.ஆர்.-20 என்ற கருவி கனடாவில் உருவானது. இருபது அம்சங்களைக் கேட்டு நம் சிந்தனையை ஒழுங்குபடுத்த உதவும். கூட்டி மொத்த மார்க் போடுவதற்கு அல்ல. எப்போது, யாரிடம், எந்தச் சூழலில் என்று எழுதுங்கள். மருந்தை நிறுத்தி, கஞ்சாவும் போதை மாத்திரையும் மறுபடி தொட்டு, அதே அண்ணனோடு அதே ஒற்றை அறையில் இருந்தால் ஆபத்து கூடும் என்று எழுதினால் அதை வைத்து யாராவது ஏதாவது செய்ய முடியும்.

அடங்காத ஒருவரைத் தனியே பூட்டி வைக்க உங்கள் ஒப்புதல் கேட்பார்கள். மனநல நிறுவனத்தில் தனிமையில் அடைப்பதை அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு தடை செய்கிறது. கட்டிவைப்பதும், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதித்தால் மட்டும். அந்தத் தாளில் உங்கள் கையெழுத்துக்கு வேலையே இல்லை.

சின்ன உதவிகள் தனி ரகம். நீங்கள் பெரம்பூரிலோ கொளத்தூரிலோ குடியிருந்தால், காலையில் பார்த்தவரின் தம்பி சாயங்காலம் மூலக்கடை பஸ் ஸ்டாப்பில் வணக்கம் வைப்பார். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடுங்க சார்" என்பார். காசிமேட்டு ஆட்கள் என்றால் வஞ்சிரத்தோடு வந்து நிற்கவும் கூடும், வாங்காமல் அனுப்புவது மனதுக்குக் கஷ்டம்தான். ஒரு சேதி கொண்டுபோனால் அடுத்து ஒரு சீட்டு வரும். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு, மறுநாளே மேலதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டிலும் எழுதிவிடுங்கள். உங்களிடம் இருக்கும் ஜூனியர்கள் இதைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.

கடைசியாக, அறிக்கை போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. அசாமில் மச்சாங் லாலுங் 1951-இல் கைதாகி, விசாரணையே முடியாமல் 2005-இல்தான் வெளியே வந்தார். விசாரணைக்குத் தகுதியில்லை என்று ஒருமுறை எழுதிவிட்டால், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் அதே அறிக்கையில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த ஃபைலை யாரும் தூசு தட்டப் போவதில்லை.

விடுவிக்கும்போது பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்பதால் சமூகப் பணியாளர் வீட்டைத் தேடிப் போவார். எஃப்.ஐ.ஆரில் கூவம் கரையோரக் குடிசை முகவரி இருக்கும். அந்த வீட்டை இடித்து, குடும்பத்தைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பியிருப்பார்கள். "குடும்பம் கைவிட்டது" என்று எழுதுவதற்கு முன் அந்த வீடுகளை ஒதுக்கும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள், ரேஷன் கடையிலும் விசாரியுங்கள். அப்புறம் மருந்து. ரிமாண்டில் இருப்பவருக்கு ஜாமீன் எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவார். அதனால் மருந்துச் சீட்டின் நகலையும், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையில் மனநல ஓ.பி. எந்தக் கிழமை என்பதையும் முன்கூட்டியே அவர் கையில் கொடுத்து வையுங்கள். சீட்டு தொலையும் என்பதால் அம்மா போனுக்கும் ஒரு படம் போகட்டும். அதற்கு அவரிடம் முதலிலேயே சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.