டெல்டாவில் பழைய டிரெயில் பைக்: எங்கெங்கே ஏமாறுகிறோம்

டிரெயில் பைக் என்றால் மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. அதன் வீடியோக்களில் பெரும்பாலானவை மலைப்பாதையில் எடுத்தவை. அதைப் பார்த்துவிட்டு மன்னார்குடியிலோ சீர்காழியிலோ வண்டி வாங்குகிறவர்கள், மலைக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் அதில் ஏற்றிவிடுகிறார்கள். நம் பக்கம் பாறை ஏது? இங்கே வண்டியைத் தின்பது வெள்ளமும் உப்புக்காற்றும் களிமண்ணும்தான். வண்டி பார்க்கப் போகும்போதும் சரி, பட்டறையில் மாற்றம் செய்ய விடும்போதும் சரி, இந்த மூன்றையும் மனதில் வைக்காவிட்டால் பணம் வீணாகும்.

வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பதுதான் இதில் பெரிய தவறு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவோடு தண்ணீர் நின்ற ஊர்கள் இங்கே நிறைய. அதில் நின்ற வண்டியைக் கழுவிப் பாலிஷ் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரிப் பெட்டியின் மூலையில், ஏர் ஃபில்டர் மூடியின் உள்விளிம்பில், வயர் கட்டுகளின் மடிப்பில் மெல்லிய வண்டல் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு கனெக்டரைப் பிரித்தால் செம்பு முனை பச்சை பூத்திருக்கலாம். மீட்டர் கண்ணாடிக்குள் நீராவி படிந்த தடம் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ள வண்டியில் கம்ப்யூட்டரும் சென்சாரும் ஈரம் பட்டுக் கெட்டால், கார்புரேட்டர் வண்டியைப் போல ஊர் மெக்கானிக் பிரித்துத் துடைத்து ஓட்டிக் கொடுத்துவிட முடியாது.

“நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தொல்லை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் போகலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் தட்டி நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, ரிம் கோணல், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் ஆட்டம் இவற்றையும் பார்த்துவிடுங்கள். இதெல்லாம் சரிசெய்யக்கூடியதுதான். அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

கடலோரத்து வண்டி என்றால் குனிந்து அடிப்பக்கம் பார்க்காமல் வராதீர்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் ஓடிய வண்டிகளில் துரு கண்ணில் படாத இடத்தில்தான் பிடிக்கும்: ஸ்போக்ஸ் நிப்பிள், சைலன்சர் மூட்டு, சீட்டுக்கு அடியிலுள்ள சட்டத்தின் வெல்டிங். சட்டத்தின் மேல் புதுப் பெயின்ட் மட்டும் பளிச்சென்று இருந்தால் ஏன் அடித்தீர்கள் என்று கேளுங்கள்.

எந்த வண்டி? 2011இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் 150 சிசி, எடை குறைவு. நல்ல வண்டிதான், ஆனால் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டதால் அதன் பிளாஸ்டிக்குக்கும் சஸ்பென்ஷன் சாமானுக்கும் அலைய வேண்டியிருக்கும். 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 நெடுஞ்சாலையில் சுகம், களிமண்ணில் சுமை. விழுந்தால் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஏறத்தாழ 155 கிலோ, முன்சக்கரம் 21 அங்குலம், தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடையே 220 மில்லிமீட்டர். நம் வாய்க்கால் கரைகளுக்கு என் தேர்வு இதுதான்.

பேப்பர் விஷயத்தில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. காரைக்கால் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பதிவான பி.ஒய். 02 வண்டி விலை குறைவாகத் தெரியும். ஆனால் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. அந்த வண்டியை நிரந்தரமாகத் தமிழ்நாட்டில் ஓட்ட அங்கிருந்து படிவம் 28இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டு வண்டிக்குப் பெயர் மாற்றப் படிவம் 29, 30. கடனில் வாங்கியது என்றால் தவணை முடிந்ததற்கு வங்கிக் கடிதமும், ஆர்சியிலிருந்து கடன் பதிவை நீக்கப் படிவம் 35ம். சேஸிஸ் எண்ணை நீங்களே ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்ற 30 நாள்தான் அவகாசம். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டால், விபத்து நடக்கும்போது இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்சியில் பெயர் உள்ள பழைய உரிமையாளர் தலையில் விழும். உங்களுக்கு விற்றவருக்கு அந்த அநியாயம் வேண்டாம்.

இனி மாற்றங்கள். வாங்கியதும் வண்டியை உயர்த்துவதுதான் இந்தப் பக்கம் அதிகம் பார்க்கும் தவறு. எக்ஸ்பல்ஸின் சீட் உயரம் சுமார் 825 மில்லிமீட்டர்; நீள சஸ்பென்ஷனோடு கம்பெனியே விற்ற புரோ வண்டியில் 891. பாறை மேல் ஏறுகிறவருக்கு அது தேவை. நாம் ஓட்டுவது வெண்ணாறு, வெட்டாற்றுக் கரைகளிலும் வயலுக்குப் போகும் ஒற்றையடிக் கரைகளிலும். அங்கே எதிரே மாடு வந்தால் நின்று கால் ஊன்ற வேண்டும். ஊன்றும் இடமோ சரிவு, தரைமட்டத்துக்குக் கீழே. உயர்த்தாத வண்டியிலேயே கால் எட்டாது. உயர்த்திய வண்டி ஆளோடு வாய்க்காலில் சாயும். இந்தப் பணத்தை ஃபோர்க் ஆயில், ஆயில் சீல், வீல் பேரிங்குக்குச் செலவழியுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

டயரில் பட்டன், அதாவது துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள், நெருக்கமாக உள்ளதை வாங்காதீர்கள். தொளிமண் இடுக்கில் அப்பிக்கொண்டால் பட்டன் டயரும் வழுவழு டயராகிவிடும். இடைவெளி அகலமாக இருந்தால் சுற்றும்போதே மண் உதிரும். முன் மட்கார்டு டயரை ஒட்டி இருந்தாலும் இதே கதை: களிமண் அடைத்துச் சக்கரமே நின்றுவிடும். உயரத்தில் பொருத்திய மட்கார்டு இங்கே அலங்காரமில்லை, அவசியம். கரையெல்லாம் சீமைக்கருவேல முள். டியூப் டயர் என்றால் மாற்று டியூப், டயர் கழற்றும் லிவர், கைப்பம்ப் மூன்றும் வண்டியிலேயே இருக்கட்டும்.

இன்ஜினுக்கு அடியில் தகடு மாட்டுகிறவர்கள் அதைக் கழற்றிக் கழுவுவதே இல்லை. உள்ளே போன சேறு செங்கல்லாகக் காய்ந்து சூடு வெளியேற விடாது. உர மூட்டை ஏற்ற கேரியர் வேண்டுமானால் போல்ட் போட்டு மாட்டுவதையே வாங்குங்கள். சேஸிஸில் வெல்டிங் வைக்கவே கூடாது. சூடுபட்ட இடத்தில்தான் பிறகு விரிசல் விடும்.

சத்தமான சைலன்சரால் இன்ஜினுக்கு லாபமில்லை, வயலில் வேலை செய்கிறவர்களுக்குத் தொந்தரவு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஓட்டிவிட்டு வந்ததும் வாட்டர் வாஷ் கடையில் அழுத்தமான தண்ணீரைச் சக்கர நடுவிலும் கோன் செட்டிலும் அடிக்க விடாதீர்கள். கிரீஸைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் உள்ளே போய்விடும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், உப்புத் தண்ணீரில் போய் வந்தால் அன்றைக்கே. செயினுக்கு எண்ணெய் மறக்க வேண்டாம்.

தரைப்பாலத்தில் தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுபோனால் ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். பிஸ்டன் மேல் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக்கொண்டு கரையேறி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீர் வெளியேறும் வரை கிக்கரையோ ஸ்டார்ட்டரையோ இயக்கிய பிறகே பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள்.

மழை விட்ட மறுநாள் ஆற்றங்கரையில் பட்டன் டயரோடு போவது எனக்கு ஏற்பில்லை. ஊறிய கரையில் டயர் கிழித்த தடத்தில்தான் அடுத்த மழைத் தண்ணீர் ஓடி மண்ணை அரிக்கும். அந்தக் கரைக்குக் கீழே யாரோ ஒருவரின் சம்பா நிற்கிறது. காய்கிற வரை கப்பி ரோட்டிலேயே ஓட்டுங்கள். எந்தக் கரையில் போகலாம் என்பதை அந்தப் பக்கத்து விவசாயியிடமோ, வாய்க்காலையும் கரையையும் கவனிக்கும் பொதுப்பணித்துறை ஊழியரான லஸ்கரிடமோ கேட்டால் சொல்லிவிடுவார்கள்.