தொட்டியில் வெந்தயக் கீரை: மண்ணுக்குள் நடக்கும் தவறுகள்

வெந்தயக் கீரை வளர்ப்பது எளிது என்று சொல்லாதவர் இல்லை. தூவிய விதை மூன்று, நான்கு நாட்களில் முளைத்துவிடுவதால் அந்தப் பேச்சில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆயினும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து மொட்டை மாடிகளில் நான் பார்த்த தொட்டிகளில் பல, ஐந்தாம் நாள் பச்சைப்பசேல் என்று நின்று பத்தாம் நாள் படுத்துவிட்டவை. காரணம் தேடுகிறவர்கள் இலையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். வெந்தயம் ஆணிவேர் இறக்கும் பயறு குடும்பத்துச் செடி என்பதால், அதற்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை வேரில் தொடங்கி, மிகவும் தாமதமாகவே இலையில் தெரிகின்றன.

விதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சறைப்பெட்டி வெந்தயமே முளைக்கும்; ஆனால் மளிகைக் கடையில் எத்தனை காலம் கிடந்தது என்று தெரியாததால், இருபது விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்த்து, பதினைந்துக்குக் குறையாமல் முளைவிட்டால் மட்டும் விதைப்பது நல்லது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 ரகங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. கசூரி மேத்தி என்று விற்கும் விதையை இதே வெந்தயம் என்று எண்ணி வாங்குவதுதான் பிழை; அது வேறு இனம், தொடக்கத்தில் மிக மெதுவாக வளரும், நல்ல குளிரையும் எதிர்பார்க்கும். நம் ஊர் மாடியில் அதை வைத்துவிட்டு இருபதாம் நாள் கீரைக்குக் காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

விதையை ஊறவைப்பதிலும் தூவுவதிலும் கை தாராளமாகிவிடுகிறது. வெந்தயத்தில் நீரை இழுத்துக் கொழகொழப்பாகும் பசை உண்டு. இரவு ஊறவைத்துக் காலையில் விதைத்தால் போதும்; இரண்டு நாள் நீரிலேயே கிடந்தால் பசை விதைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, மூச்சுக்கு வழியின்றி புளிக்கச் செய்துவிடும். ஒரு சதுர அடிப் பரப்புக்கு ஒரு தேக்கரண்டி விதை, அதாவது ஏறத்தாழ முந்நூறு மணிகள், கீரைக்குத் தாராளமாகப் போதும். ஒரு கைப்பிடியை அப்படியே கொட்டினால் நாற்றுகள் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு, நூலாக நீண்டு சாயும். முளைக்கட்டிய பருவத்திலேயே பத்து நாளுக்குள் வெட்டித் தின்பது என்றால் நெருக்கமாக விதைக்கலாம். அந்த முறையைப் பார்த்துவிட்டு முழுக் கீரைக்கும் அதே அடர்த்தியைப் பின்பற்றுவதால்தான் குழப்பம். தூவிய பிறகு ஒரு சென்டிமீட்டர் மண் மூடல் போதும். மூடாமல் விட்டால் புறாக்களுக்கு விருந்தாகும்.

நாற்றங்காலில் முளைக்கவைத்துப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது தக்காளிக்கும் கத்தரிக்கும் சரி, வெந்தயத்துக்கு ஆகாது. ஆணிவேர் நுனி அறுந்தால் செடி பல நாட்கள் குன்றி நிற்கும், அதற்குள் அறுவடைக் காலமே முடிந்துவிடும். வளர வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். தொட்டியின் ஆழம் கீரைக்குப் பதினைந்து சென்டிமீட்டர் இருந்தால் போதும். வெந்தயமாகவே விளைவிக்க வேண்டுமானால் இன்னும் ஆழமான தொட்டியும், செடிக்குச் செடி பத்து சென்டிமீட்டர் இடைவெளியும், மூன்று மாதப் பொறுமையும் வேண்டும்.

மண் கலவையில் கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைப்பதால் எல்லோரும் அதைச் சேர்க்கிறார்கள். கட்டியாக வரும் நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும். நீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி நல்ல நீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசாமல் கலந்தால் இளவேர் கருகும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறவர்கள் வீட்டில் இந்த உப்பு இரட்டிப்பாகும். இதற்கு மேல் 'பூச்சி வராது' என்று அடுப்புச் சாம்பலையும் தூவுகிறார்கள். சுக்காங்கல் என்னும் சுண்ணாம்புக் கல் கலந்த நம் மண்ணும் கடின நீரும் ஏற்கெனவே காரத்தன்மை உடையவை. சாம்பல் அதைக் கூட்டிவிட, செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் கொழுந்துகள் வெளிறுகின்றன. இதைப் பசி என்று எண்ணி மேலும் உரம் போடுவது அடுத்த தவறு. செம்மண், மட்கிய தொழுவுரம், அலசிய நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தால் வேறு எதுவும் தேவைப்படாது. கரிசல் மண் நீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் தொட்டிக்கு அதைத் தனியே பயன்படுத்தக் கூடாது.

தண்ணீரில் நான் செய்த தவறு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐப்பசி அடைமழையில், அடியில் ஒரே ஓட்டையிட்ட பழைய பெயிண்ட் வாளியில் விதைத்திருந்தேன். மழை விட்ட மறுநாளும் வழக்கம்போல் ஒரு சொம்பு ஊற்றினேன். அன்று மாலை, நடுவில் ஒரு கைப்பிடி அளவு இடத்தில் நாற்றுகள் சாய்ந்திருந்தன. எடுத்துப் பார்த்தால் விதையிலைகள் பச்சையாகவே இருக்க, மண்ணைத் தொடும் தண்டு மட்டும் பழுப்பேறி நூல்போல் சுருங்கியிருந்தது. இரண்டு நாளில் வட்டம் விரிந்து வாளி முழுதும் பரவியது. இதுதான் நாற்றழுகல், மண்ணில் வாழும் பூஞ்சைகள் தேங்கிய ஈரத்திலும் காற்றோட்டமில்லாத நெருக்கத்திலும் செய்யும் வேலை. சாய்ந்தவற்றைக் காப்பாற்ற வழியில்லை, வராமல் தடுக்கத்தான் முடியும்: அடியில் நான்கைந்து ஓட்டைகள், விதையோடு சிறிது டிரைகோடெர்மா விரிடி (கெடுதல் செய்யும் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சை), மாலையில் ஊற்றாமல் காலையில் மட்டும் நீர், அதுவும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டும்.

பருவத்தைப் பார்க்காமல் விதைப்பவர்களுக்கு இங்கே இரண்டு விதமான தண்டனை. சித்திரையில் மாடித் தளம் கொதிக்க, செடி நான்கு விரல் உயரத்திலேயே பூத்துக் கசந்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று தொட்டி மண்ணைக் காலையில் நனைத்தால் நண்பகலுக்குள் உலர்த்திவிடும். அந்த நாட்களில் சுவர் மறைவுக்குத் தொட்டியை நகர்த்தாமல் தண்ணீரை மட்டும் கூட்டினால் பலனில்லை. ஐப்பசி நடுவிலிருந்து மாசி வரை விதைப்பதே சுகம், அதிலும் மார்கழிக் கீரைக்கு ஈடில்லை. தையிலும் மாசியிலும் இலையில் வெண்பொடி படிந்தால் அது சாம்பல் நோய்; மருந்து தேடுவதைவிடச் சீக்கிரம் அறுத்துவிடுவது சிக்கனம்.

இலை வெளிறினால் யூரியாவைக் கரைத்து ஊற்றுவதே பலரின் வழக்கம். வெந்தயத்தின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துத் தருகிறது. யூரியா ஊற்றினால் முடிச்சு உருவாவதே குறைந்து, தண்டு மெலிந்து நீள, அசுவினியும் தேடி வரும். எல்லா ரைசோபியமும் எல்லாப் பயறுக்கும் ஒத்துவராது என்பது பலருக்குத் தெரியாது. நிலக்கடலைக்கோ உளுந்துக்கோ விற்கும் பொட்டலம் வெந்தயத்துக்கு உதவாது. வெந்தயத்தில் முடிச்சிடும் அதே பாக்டீரியாதான் குதிரைமசாலிலும் முடிச்சிடுகிறது. மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் வளர்க்கும் தோட்டம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. நோயில்லாத வயலில் இருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துவந்து புதுத் தொட்டியில் கலந்தால் காசில்லாமல் காரியம் முடியும். மூன்று வாரம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். சிறு முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை.

அறுவடையிலும் வேரையே நினைக்க வேண்டும். உழவர் சந்தையில் வேரோடு கட்டிய கீரையைப் பார்த்துப் பழகியவர்கள் தொட்டியிலும் பிடுங்குகிறார்கள். சமையலறையில் மணலும் தொட்டியில் வெறும் குழியும்தான் மிஞ்சும். இருபது முதல் இருபத்தைந்து நாளில், மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு, கீழ்க்கணு ஒன்றேனும் இருக்குமாறு கத்தரியால் அறுத்தால் இரண்டு வாரத்தில் மறுபடி தழையும். மூன்றாம் அறுப்பை எதிர்பார்க்க வேண்டாம், தண்டு நாராகிவிடும். இரண்டாம் அறுப்புக்குப் பிறகு வேரை மண்ணிலேயே விட்டு மேலே கொத்திவிட்டு, அடுத்துத் தண்டுக்கீரையையோ அரைக்கீரையையோ விதைக்கலாம். முடிச்சுகள் மட்கி அந்தக் கீரைக்குத் தழைச்சத்தாகும்.